முட்டுக்கட்டை போட ஒருவர் வேண்டும்

பாகூர் கடைத்தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சு. எங்கோ ஒரு விமானம் விழுந்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருக்கும். புகை, ஓடுகிற ஆட்கள், அழுகிற உறவினர்கள். விழுந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, பெஞ்சில் தீர்ப்பு வந்துவிடும்: “பைலட் தப்புப்பா.” சொன்னவர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போவார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தோன்றிவிடும்.

டீக்கடையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்கள் பேச்சும், பத்திரிகைத் தலையங்கமும், மந்திரிகள் பேட்டியும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். தரையிறங்கும்போது நடந்த விபத்து, விமானிகளின் தவறு, அவர்களும் இறந்துவிட்டார்கள், கோப்பை மூடு. இந்த முடிவைத்தான் மறுக்கிறேன். விமானி தவறே செய்யவில்லை என்று வாதாட வரவில்லை. செய்தார், விசாரணை அறிக்கைகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் ‘பைலட் தப்பு’ என்பதைக் கடைசி வரியாக எழுதுவது பொய்யான கணக்கு. அது முதல் வரி. அடுத்த வரியை நாம் எழுதாமல் விட்டதால்தான் அதே விபத்து பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

இது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 1971 மக்களவைத் தேர்தலில் வில்லியனூரும் பாகூரும் சேர்ந்த புதுச்சேரித் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பிய எம்.பி. மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர். நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியதில் முன்னின்றவர். மீதமிருந்த சுரங்கங்களும் 1973 மே 1 முதல் அரசுடைமை ஆயின. அந்த மாதம் முடியும் நாளில் அவர் இல்லை.

1973 மே 31, இரவு. சென்னையிலிருந்து டில்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் 440ஆம் எண் விமானம், போயிங் 737. பாலம் விமான நிலையத்தைச் சுற்றிப் புழுதிப் புயல். இறங்க வந்த விமானம் உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். கோயம்புத்தூர் எம்.பி.யாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதமும் அதில் போனார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் கோவையில் அந்த இடத்துக்கு வந்தவர் பார்வதி கிருஷ்ணன், குமாரமங்கலத்தின் சொந்தத் தங்கை. புதுச்சேரியில் அரவிந்த பாலா பழனூர் வந்தார். ஒரே இரவில் தமிழ் பேசும் இரண்டு தொகுதிகள் காலியாயின.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை ஒரே வரியில் சொல்வார்கள்: “பாவம், புழுதிக் காத்துல போயிட்டாரு.” விசாரணை சொன்னது வேறு. ஓடுபாதை கண்ணில் படாமலேயே, அதற்குக் கீழே போகக்கூடாது என்று குறிக்கப்பட்ட உயரத்தையும் தாண்டி விமானத்தைக் கீழே கொண்டுபோனார் தலைமை விமானி. அதுதான் காரணம்.

இந்த உயரக் கணக்கு எல்லா விமான நிலையத்துக்கும் உண்டு. அந்த உயரம் வரை கருவிகளை நம்பி வரலாம். அங்கே வந்ததும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை. இன்ஜினுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். சுற்றி வந்து இன்னொரு முறை பார்க்கலாம், காத்திருக்கலாம், வேறு ஊருக்குப் போகலாம். விமானிகள் மொழியில் இதற்குப் பெயர் ‘கோ அரவுண்ட்’. மே மாதத்து டில்லிப் புழுதிப் புயல் விடிய விடிய நிற்கிற சங்கதி இல்லை. அப்படியிருந்தும் அந்த விமானம் கீழே போனது. விமானி அறையில் உயரம் காட்டும் கருவி ஒருவர் முன்னால் மட்டும் இருப்பதில்லை. முள் இறங்குவதை இன்னொருவரும் பார்க்க முடியும். ‘பைலட் தப்பு’ என்று சொன்னதும் அந்த இன்னொருவர் நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறார். எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

அவர் குரலைக் கேட்க வேண்டுமானால் மங்களூருக்குப் போக வேண்டும்.

2010 மே 22, விடிந்து சற்று நேரம். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், போயிங் 737-800. 166 பேர். மங்களூர் விமான நிலையம் மலையை மட்டம் தட்டி அமைத்தது; ஓடுபாதை முடிகிற இடத்துக்கு அப்பால் சரிவு. தலைமை விமானி 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். விமானி அறையின் ஒலிப்பதிவில் கடைசி இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதில் பெரும்பகுதி அவர் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டைச் சத்தம் பதிவாகியிருக்கிறது. இறங்கும் நேரத்தில் எழுந்தார். அரைத் தூக்கத்தில் எழுந்தவனுக்கு மூளை தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பின்னிரவில் ஏற்றம் இறைக்க எழுந்தவர்கள் வழிவந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தது. அதைச் சரிக்கட்ட மூக்கைக் கீழே சாய்த்துச் செங்குத்தாக இறக்கினார். இறங்கும் வேகம் அதிகம், மேலே தூக்கு என்று கருவி திரும்பத் திரும்ப எச்சரித்தது. பக்கத்தில் இருந்த துணை விமானி ‘கோ அரவுண்ட்’ என்றார். மறுபடி சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னார்.

விமானம் இறங்கியது. 8,033 அடி நீள ஓடுபாதையில் 5,200 அடி கழிந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மிச்சம் இருந்த தூரம் போதவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் கட்டுமானத்தில் இறக்கை மோதியது; விமானம் பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் எட்டுப் பேர்.

அப்போது நம் ஊர்களில் என்ன பேசினோம்? “வெளிநாட்டுக்காரன் ஓட்டினான், நம்ம ஆள் ஓட்டியிருந்தா இப்படி ஆயிருக்காது.” தலைமை விமானி வெளிநாட்டவர்தான். தூங்கினான், கொன்றான் என்று கணக்கை முடித்தோம். ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையில் அமைந்த விசாரணை நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. நேரடிக் காரணம் கேப்டன், சந்தேகம் இல்லை. கூடவே சேர்ந்த காரணங்களையும் எழுதியது. மங்களூர் ராடார் வேலை செய்யவில்லை. அதனால் வழக்கத்தைவிட ஓடுபாதைக்கு நெருக்கமாக வந்த பிறகே இறங்க அனுமதி கிடைத்தது. உடல் தூக்கத்துக்கு ஏங்குகிற நேரத்துப் பயணம். இவற்றோடு இன்னொரு வரி இருந்தது. நாட்டுக்கே அதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்: இறக்கத்தைக் கைவிடத் துணை விமானிக்கு உள்ள அதிகாரம் பற்றிய விதிமுறைகள் தெளிவில்லாமல் இருந்தன, அதனால்தான் போலும், அவர் வாயால் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை.

அவர் முன்னாலும் அதே விசைகள் இருந்தன. கைக்கு எட்டும் தூரத்தில். ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் மூன்று முறை சொன்னார். தன் உயிரும் போகப்போகிறது என்கிற நிலையிலும் மேலதிகாரியின் கையிலிருப்பதைப் பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. இதைத் தூங்கிய ஒருவரின் தவறு என்ற கணக்கில் எப்படி எழுதுவது? தூங்கியவர் ஒருவர். முழித்துக்கொண்டிருந்தவரும் செத்தார்.

சரி, அது வெளிநாட்டு விமானியின் கதை என்றே வைத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே நிறுவனம், அதே வகை விமானம், அதே துபாய், இதுவும் மலை உச்சி ஓடுபாதை. கொரோனா காலத்தில் வெளிநாட்டில் தவித்தவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் பயணம். 190 பேர். இந்தத் தலைமை விமானி நம் நாட்டவர், இந்திய விமானப் படையில் இருந்தவர், இவரும் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், பலரும் மதித்தவர். தூங்கவும் இல்லை. கொட்டும் மழை. முதல் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறினார். அது சரியான முடிவு. அவர் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யவில்லை. இரண்டாம் முறை எதிர்த் திசையிலிருந்து, காற்று பின்னாலிருந்து தள்ள, இறங்கினார். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி கடந்து, ஏறத்தாழப் பாதியில், சக்கரம் தொட்டது. விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகளும் பயணிகள் 19 பேருமாக 21 பேர் இறந்தார்கள்.

2021 செப்டம்பரில் வந்த அறிக்கையை மங்களூர் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வயிற்றைப் பிசையும். நிலை சரியில்லாத இறக்கத்தைக் கேப்டன் தொடர்ந்தார். துணை விமானி ‘கோ அரவுண்ட்’ சொல்லியும் கேட்கவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. பத்து ஆண்டு இடைவெளியில் அதே வாக்கியம். அந்தக் கடைசி நொடிகளில் துணை விமானி என்ன செய்தார் என்பதையும் அறிக்கை எழுதியிருக்கிறது. எடுத்த எடுப்பில் அவர் ‘இறக்காதீர்கள்’ என்று சொல்லவில்லை. முதலில், சற்றுப் பாருங்கள் என்பதுபோல் ஒரு வார்த்தை. அப்புறம் பலவீனமான குரலில் ‘கேப்டன்’ என்று ஓர் அழைப்பு. அதன் பிறகுதான் ‘கோ அரவுண்ட்’. அதற்குள் சக்கரம் தரையைத் தொடும் தறுவாய்.

அந்தத் தயக்கம் நமக்குப் புதிதா? கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மேலதிகாரி தப்பான தாளில் கையெழுத்துப் போடப் போகும்போது பக்கத்தில் நிற்கும் உதவியாளர் முதலில் “சார்...” என்று இழுப்பாரே, அதே இழுப்பு. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போடும்போது பையனுக்கு வரும் அதே தொண்டைக் கனைப்பு. இதை நாம் மரியாதை என்று கற்றுக்கொடுத்து வளர்க்கிறோம்.

பாராட்டப்பட்ட விமானி ஏன் அப்படிச் செய்தார்? அதையும் அறிக்கை கேட்டிருக்கிறது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை அவர்தான் ஓட்ட வேண்டும். அங்கே போதிய கேப்டன்கள் இல்லை. நிறுவனம் ஆட்களை அமர்த்திய லட்சணம் அது. வேறு ஊரில் இறங்கியிருந்தால் ஓய்வு நேரக் கணக்கு தப்பி, காலைப் பயணம் கெட்டுப்போகும். வேறு ஊருக்குப் போக எரிபொருள் இருந்தது. ஆனால் காலைப் பயணத்தின் நினைப்பு அவர் மீது ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பணிப் பட்டியலைப் போட்டவர் விமானத்தில் இல்லை. ‘பைலட் தப்பு’ என்று சொல்லி மூடும்போது நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர் அவர்தான்.

அனுபவம் போதாததால் விபத்து என்பார் உண்டு. இரண்டு பேருக்கும் பத்தாயிரம் மணி நேரம். அனுபவமே இங்கே ஒரு விஷயத்தில் பகையாகிறது என்று நினைக்கிறேன். சரியாக அமையாத இறக்கம் என்பதற்கு அளவுகோல் உண்டு: குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது வேகம், இறங்கும் வீதம், திசை, சக்கரம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் மேலே ஏறிவிட வேண்டும். அப்படிப் பிசகிய இறக்கங்களில் உண்மையில் கைவிடப்படுபவை நூற்றுக்கு மூன்றுதான் என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. மீதி 97ம் இறங்குகின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒவ்வொரு முறை ஒன்றும் ஆகாமல் போவதும் அந்த விமானிக்கு ஒரு பாடம் நடத்துகிறது: இது என்னால் முடியும். பத்தாயிரம் மணி நேரத்தில் அந்தப் பாடம் எத்தனை முறை நடந்திருக்கும்?

நல்ல இயந்திரம் வந்தால் மனிதத் தவறு நின்றுவிடும் என்கிறவர்களுக்குப் பெங்களூரைச் சொல்கிறேன். 1990 பிப்ரவரி 14. இந்தியன் ஏர்லைன்ஸ் புதிதாக வாங்கிய ஏர்பஸ் 320, அன்றைய தேதிக்கு உலகின் நவீன விமானம். இன்ஜின்கள் அடங்கிய நிலையிலேயே வேகம் குறைந்துகொண்டு வந்ததை இருவரும் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். ஒருவர் மற்றவரைச் சோதித்துக்கொண்டிருந்த பயணம் அது. இருவர் உட்கார்ந்த அறையில் பார்க்க வேண்டியவர் யார், சொல்ல வேண்டியவர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இயந்திரம் எவ்வளவு புதிதானாலும் அந்த வேலையைச் செய்யாது.

விதி என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொல்லட்டும். விமானக் கம்பெனி சொல்லக் கூடாது.

இப்போது வில்லியனூர்த் தேரடிக்கு வாருங்கள். திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தைப் பார்க்காதவர் நம் பக்கத்தில் குறைவு. பிரெஞ்சுக் கவர்னர் காலத்திலிருந்து வரும் வழக்கப்படி, ஆட்சியில் இருப்பவர்கள் வந்து வடம் தொட்டுத் தொடங்கி வைப்பார்கள். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும். கூட்டமும் கேமராவும் வடத்தின் முன்பக்கம். நான் எப்போதும் நிற்பது பின்னால், சக்கரத்தின் ஓரம். அங்கே நாலைந்து பேர் குனிந்தபடியே தேரோடு நகர்வார்கள், கையில் முட்டுக்கட்டை. வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார்கள். கண் சக்கரத்தை விட்டு அசையாது. வடம் பிடிக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சக்கரம் தெரியாது. அவர்கள் முகம் முன்னால் பார்த்திருக்கிறது. தெரு திரும்புகிற இடத்தில் தேர் ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு வீட்டுத் தாழ்வாரம் ஒரு முழ தூரத்தில். கட்டைக்காரர் சட்டென்று கட்டையைச் சக்கரத்தின் வாயில் செருகுவார். கட்டை நெரிந்து கிறீச்சிடும், பொடிப்பொடியாய்ச் சிராய் தெறிக்கும். ஆடி அசைந்து தேர் நிற்கும். வடம் பிடித்தவர்கள் தடுமாறித் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் யாரிடமும் கேட்பதில்லை. “ஐயா, தேர் சாய்கிற மாதிரி இருக்கிறது, கட்டை போடலாமா?” என்று மேலே நிற்பவரிடம் உத்தரவு வாங்கினால், பதில் வருவதற்குள் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். வடத்தை யார் தொட்டுக் கொடுத்தார் என்பதும் அவருக்குப் பொருட்டில்லை. நிறுத்திய பிறகு, ஏன் நிறுத்தினாய் என்று அவரை யாரும் திட்டுவதும் இல்லை. வேண்டாத இடத்தில் கட்டை போட்டால்கூட, தேர் ஒரு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். தேரோட்டத்தை நடத்திய நம் முன்னோர், இழுக்கும் அதிகாரத்தையும் நிறுத்தும் அதிகாரத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். நிறுத்தும் அதிகாரத்தைச் சக்கரத்துக்கு அருகில் இருப்பவனிடம் கொடுத்தார்கள். மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் துணை விமானி கையில் கட்டை இருந்தது. போடலாமா என்று கேட்டுக்கொண்டே சக்கரத்தின் கீழ் போனார்.

இதில் மனதை அறுக்கிற ஒன்று உண்டு. தேரைக் காப்பாற்றும் அந்த மனிதனின் வேலையை நம் பேச்சில் வசையாக்கி வைத்திருக்கிறோம். “எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடறான்” என்றால் திட்டு. அரசியல் மேடையில் எதிர்க்கட்சியைத் தாக்க அந்தச் சொல் போதும். வீட்டில் கல்யாணப் பேச்சில் ஒரு சந்தேகம் கேட்கும் சித்தப்பாவுக்கும் அதே பட்டம். நிறுத்துகிறவன் நமக்கு விரோதி.

பின்வாங்குவதும் அப்படித்தான். மகன் புறமுதுகு காட்டவில்லை என்று தெரிந்து பெருமைப்பட்ட தாயைப் பாடிய இலக்கியம் நமக்கு உண்டு. எடுத்த காலைப் பின்வைக்காதே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதே மரபில்தான் திருக்குறளின் காலமறிதல் அதிகாரமும் இருக்கிறது. காலம் பார்த்து ஒடுங்கியிருப்பவனை, பாய்வதற்கு முன் பின்னுக்கு நகரும் ஆட்டுக்கடாவோடு வைத்துப் பேசுகிறார் வள்ளுவர். கிராமத்தில் கிடா முட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னால் போகிற கிடாவைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. விமானி அறைக்கு வேண்டியது இந்த அதிகாரம்.

சில வருடம் முன்பு நானே ஒரு முறை அப்படிப் பின்வாங்கிய விமானத்தில் இருந்தேன். ஐப்பசி மழை, இரவு, சென்னை. சன்னலில் பல்லாவரம் பக்கத்து விளக்குகள் மழையில் கரைந்து தெரிந்தன. சக்கரம் தரையைத் தொடப்போகிறது என்று எல்லோரும் பெல்ட் கொக்கியில் கை வைத்த நேரம், இன்ஜின் ஓலமிட்டு மூக்கு மேலே தூக்கியது. வயிறு அடியில் போனது. ஒரு குழந்தை வீறிட்டது. சில நிமிடம் கழித்து விமானியின் குரல், நிதானமாக: ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை, சுற்றிவந்து இறங்குவோம். என் பக்கத்தில் இருந்தவர், வில்லியனூர்ப் பக்கம்தான், பிரான்சில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர், “ஓட்டத் தெரியாதவனையெல்லாம் உட்கார வச்சிடறானுங்க” என்றார். முன் வரிசையில் ஒருவர் ரயிலைத் தவறவிடுவேன் என்று பணிப்பெண்ணிடம் கத்தினார். இருபது நிமிடம் கழித்துப் பத்திரமாக இறங்கினோம். யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த இரவில் அந்த விமானி செய்ததைத்தான் டில்லியிலும் மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் செய்யாமல் விட்டார்கள் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. இடி மின்னலில் ‘எப்படியோ’ இறக்கியவனை நாம் வீரன் என்கிறோம். இறக்காமல் திரும்பியவனைத் தெரியாதவன் என்கிறோம். அந்தப் பேச்சு விமானி காதுக்கும் போகிறது.

அப்படியானால் கேப்டனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. விதியை மீறி இறக்கியவர் மீறியவர்தான். என் கேள்வி, அவரோடு சேர்த்துப் புதைக்கப்படும் மற்றவற்றைப் பற்றியது. ஒரு மனிதனின் குணக்கேடுதான் காரணம் என்றால் அது அவனோடு போயிருக்க வேண்டும். 2010இல் போகவில்லையே, 2020இல் திரும்பி வந்ததே, வேறொரு மனிதர் உருவில், மேலும் நல்ல பெயர் வாங்கிய ஒருவர் உருவில்.

ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநரா, குழப்பம் வராதா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் விமானம் விழும். ஆனால் கேட்கப்படுவது எல்லா முடிவிலும் பங்கு இல்லை. இறங்கலாம் என்பதற்கு இருவரும் ஒப்ப வேண்டும். வேண்டாம் என்பதற்கு ஒருவர் போதும். இளையவர் சொல்லிவிட்டால் மூத்தவர் ஏறியே ஆக வேண்டும். ஏறாவிட்டால் இளையவர் ஏற்றியே ஆக வேண்டும். வாதம் எல்லாம் தரைக்கு வந்த பிறகு. தேவையில்லாமல் ஏறியிருந்தால் நஷ்டம் கொஞ்சம் எரிபொருளும் இருபது நிமிடமும்.

இது கற்பனை இல்லை. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு யுனைடெட் விமானம், சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி வானில் வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று உடன் இருந்தவர்களுக்குத் தெரியும். கேப்டன் மனதில் தைக்கும்படி சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். அந்த நாட்டு விசாரணை அமைப்பு கேப்டனைக் குறை சொன்னதோடு நில்லாமல், கேட்கக் கேப்டனுக்கும் அழுத்திச் சொல்ல மற்றவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்றது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பயிற்சி தொடங்கியது. பிறகு உலகமெங்கும் பரவியது. நம் நாட்டு விமானிகளுக்கும் அது உண்டு. வகுப்பறையில் இருக்கிறது. கோழிக்கோட்டில், மழையில், அந்தப் பலவீனமான குரலுக்கு அது போய்ச் சேரவில்லை.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். மங்களூர் விபத்து நடந்து சரியாகப் பத்தாம் ஆண்டு, அதே மே 22ஆம் தேதி, கராச்சி. பாகிஸ்தான் விமானம் மிக உயரத்தில் வருகிறது என்று தரையிலிருந்து எச்சரித்தார்கள்; பரவாயில்லை, இறங்கிவிடுவோம் என்று பதில் போனது. இரண்டு விமானிகளும் கொரோனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் கீழே இல்லாமலேயே இன்ஜின்கள் ஓடுபாதையை உரசின. மேலே ஏறிப் பார்த்தார்கள். அடிபட்ட இன்ஜின்கள் நின்றன. விமானத்தில் இருந்த 99 பேரில் 97 பேர் இறந்தார்கள். தரையிலிருந்து வந்த குரல் ஒரு முட்டுக்கட்டை. அதைத் தள்ளிவிட்டார்கள்.

லாஸ்பேட்டை விமான நிலையம் பெரிதாக வேண்டும், புதுச்சேரிக்கு ஜெட் வர வேண்டும் என்று நம் அரசியல்வாதிகள் வருடா வருடம் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சிறிய விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது மகிழ்ந்தோம். வரட்டும். ஓடுபாதையின் நீளத்தைக் கேட்கிற அதே வாயால் இதையும் கேட்க வேண்டும்: இங்கே இறங்க வரும் விமானத்தில் இளைய விமானி ‘வேண்டாம்’ என்றால், அவர் வேலைக்கு யார் உத்தரவாதம்? திரும்பிப் போன விமானிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வருமா, வராதா? மறுநாள் பட்டியலில் அவருக்கு மாற்றாள் இருக்கிறாரா? ஒரு எம்.பி.யை இப்படி ஓர் இறக்கத்தில் பறிகொடுத்த தொகுதிக்கு இதைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிடக் கூடுதல்.

டீக்கடை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை நீங்கள் போகும் விமானம் தரையைத் தொடும் நேரத்தில் மேலே ஏறினால் முணுமுணுக்காதீர்கள். குழந்தைக்குப் பயமாக இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிப் போகும்போது அந்த அறைக் கதவு திறந்திருந்தால், வலப்பக்க இருக்கையில் ஓர் இளைஞர் இருப்பார். அவரிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.